விருந்தும் மருந்தும் தொண்ணூறு நாள்

1971ஆம் ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து மதுக்கூடம் ஒன்றில் இரண்டு ஆண்கள் சந்தித்தார்கள். ரிச்சர்டு ஆடம்ஸ் மணிலாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனானவர். ஆன்டனி சல்லிவன் உலகம் சுற்றக் கிளம்பி அமெரிக்காவுக்கு வந்திருந்த ஆஸ்திரேலியர்; கையில் இருந்தது சுற்றுலா விசா. அனுமதிக் காலம் முடியப்போகும்போது சல்லிவன் தெற்கே மெக்ஸிகோவுக்குப் போவார், திரும்பி வருவார். புதிய அனுமதி கிடைக்கும். இன்னும் சில மாதங்கள் சேர்ந்திருக்கலாம். இப்படியே சில ஆண்டுகள் ஓடின. சட்டத்தின் கணக்கில் அவர் ஒவ்வொரு முறையும் புதிதாக வந்திறங்கும் பயணி. வாழ்க்கைக் கணக்கிலோ வீட்டைவிட்டு எங்கும் போகாத மனிதர்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்க் கணக்கு. அரசுகள் இன்னும் கொஞ்சம் தாராளமானவை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 90 நாள். பிரிட்டனில் 6 மாதம். அமெரிக்காவில் விசா வாங்கி வருபவருக்கு வழக்கமாக 6 மாதம், விசா விலக்குள்ள நாட்டவருக்கு 90 நாள். ஈஃபிள் கோபுரத்தையும் நயாகராவையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு இவை தாராளம். வேறு நாட்டில் இருக்கும் காதலரையோ காதலியையோ பார்க்கத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு இதே எண்கள் வேறு முகம் காட்டுகின்றன. அவர்கள் ஒன்றாகக் கழித்த ஒவ்வொரு நாளையும் வருகை விசா வழங்கும் கவுன்டர் பற்றில் எழுதுகிறது: 'இவ்வளவு நாள் தங்கிவிட்டார், இனி என்ன செய்வாரோ.' பின்னொரு நாள் இணையராக அங்கேயே வாழ விண்ணப்பித்தால், அடுத்த கவுன்டர் அதே நாட்களை வரவில் கேட்கிறது: 'இவ்வளவு குறைவாகத்தான் சேர்ந்திருந்தீர்களா?' ஒரே நாள் ஓரிடத்தில் பற்று, மற்றோரிடத்தில் வரவு. இரண்டு பேரேடுகளையும் எழுதுவது ஒரே அரசு என்பதுதான் இதில் வேடிக்கை.

முதல் பேரேட்டைப் பார்ப்போம். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு இருக்கிறது. விசா கேட்டு வரும் அந்நியர் எவரும் குடியேற வருகிறவர் என்றே கருதப்படுவார். அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. குற்றவியல் சட்டத்தில் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசு. இங்கே நிரூபிக்க வேண்டியவர் விண்ணப்பதாரர், அதுவும் இன்னும் நடக்காத ஒன்றை, இரண்டு மூன்று நிமிட நேர்காணலில். பிரிட்டனின் வருகையாளர் விதி வேறு வார்த்தைகளில் இதையே சொல்கிறது: அடிக்கடியோ அடுத்தடுத்தோ வந்து நீண்ட காலம் அங்கே வாழக் கூடாது, அந்த நாட்டைத் தன் முதன்மை வீடாக்கிக்கொள்ளக் கூடாது. ஆண்டுக்கு 180 நாள் வரை தங்கலாம் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி ஓர் எண் அந்த விதியில் இல்லை. எத்தனை முறை வந்தால் 'அடிக்கடி' என்பதை அதிகாரி முடிவு செய்வார். எத்தனை நாள் தங்கினார், எவ்வளவு இடைவெளி விட்டு வந்தார், அங்குள்ள மருத்துவரிடம் பெயர் பதிந்திருக்கிறாரா என்றெல்லாம் பார்ப்பார்.

அரசின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வருகை விசா என்பது குறைந்த விசாரணையோடு தரப்படும் அனுமதி. குடியேறுகிறவரிடம் கேட்கப்படும் மருத்துவச் சோதனை, காவல்துறைச் சான்று போன்றவை பொதுவாக இதற்கு இல்லை. ஐந்து மாதம் தங்கி, ஒரு வாரம் வெளியே போய், மறுபடி ஐந்து மாதம் தங்குகிறவர் உண்மையில் குடியிருக்கிறார். வாசலில் கேட்கப்பட வேண்டிய கேள்விகளைத் தவிர்த்துவிட்டுக் குடியிருக்கிறார். இதைத் தடுக்க அரசு விரும்புவதில் தவறு இல்லை. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. தவணை முறையில் குடியேறுகிறவருக்கும், பிரிவைத் தாங்க முடியாமல் ஆண்டுக்கு மூன்று முறை வந்து போகிறவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காணும் கண் இந்தச் சட்டங்களுக்கு இல்லை. சொல்லப்போனால் ஒவ்வொரு முறையும் குறித்த நாளுக்கு முன்பே ஊர் திரும்புகிறவர்தான் விதியை மதிக்கிறவர். அந்தத் திரும்புதலே அவருக்கு எதிராக எண்ணப்படுகிறது.

இந்த எண்ணும் கலையில் ஐரோப்பாதான் முன்னோடி. 1990ஆம் ஆண்டு ஷெங்கன் உடன்படிக்கை, 'முதல் நுழைவு' நாளிலிருந்து தொடங்கும் ஆறு மாதத்தில் மூன்று மாதம் தங்கலாம் என்றது. எளிமையாகத் தோன்றும் இந்த வாக்கியத்தை ருமேனியரான நிக்கொலே போட் என்பவரின் வழக்கு பிரித்துப் போட்டது. அப்போது ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவில்லை. அவருக்கும் பிரான்சின் வால்-தெ-மார்ன் மாவட்ட நிர்வாகத்துக்கும் இடையிலான வழக்கில் 2006 அக்டோபர் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஆறு மாதம் முடிந்த பிறகு நிகழும் அடுத்த நுழைவும் இன்னொரு 'முதல் நுழைவு'தான். இதன் விளைவு சுவையானது. ஒருவர் ஒரு நாள் வந்து தலைகாட்டிவிட்டுப் போகலாம். ஆறு மாதக் கெடுவின் கடைசி மூன்று மாதத்தை அங்கே கழிக்கலாம். ஒரு சிறு வெளியேற்றத்துக்குப் பின் புதிய ஆறு மாதத்தின் முதல் மூன்று மாதத்தையும் தொடர்ந்து கழிக்கலாம். ஏறத்தாழ ஆறு மாதம், ஒரே மூச்சில், முழுச் சட்டப்படி. இந்த ஓட்டை நீதிமன்றத்துக்கும் தெரிந்திருந்தது. அடைக்க வேண்டியது சட்டம் இயற்றுவோரின் வேலை என்று விட்டுவிட்டது.

அடைத்தார்கள். 2013 அக்டோபர் 18 முதல் 'முதல் நுழைவு' என்ற சொல்லே போய்விட்டது. இப்போது எந்த நாளில் நின்று பார்த்தாலும், அன்றையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணும் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. தினசரி காலண்டரில் தாள் கிழிவதுபோல ஒவ்வொரு நாளும் பழைய நாள் ஒன்று கணக்கிலிருந்து உதிரும், புதிய நாள் ஒன்று சேரும். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒருவர் 90 நாளையும் தீர்த்துவிட்டால் (லீப் ஆண்டு அல்லாதபோது) ஜூன் 30 அன்றுதான் மறுபடி காலடி வைக்க முடியும். வந்த நாளும் முழு நாள், போன நாளும் முழு நாள். வெள்ளி இரவு 11 மணிக்கு விமானம் இறங்கி ஞாயிறு காலை கிளம்பினாலும் மூன்று நாள் போயிற்று. மூன்று மாதம் 90 நாளாக மாறியதில்கூட ஒன்றிரண்டு நாள் இழப்பு உண்டு. காதலர்கள் எக்செல் விரிதாள் வைத்து நாள் எண்ணும் காலம் இப்படித்தான் பிறந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரி முதல், ஆங்கிலேயர்களும் இந்த விரிதாளுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

விசா இல்லாமல் போகக்கூடியவர்களுக்கு இந்த நாள் கணக்கு மட்டுமே கவலை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு எண்ணிக்கை தொடங்குவதற்கு முன்பே கதை தொடங்கிவிடும். கோவையில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஜெர்மனியில் இருக்கும் காதலரைப் பார்க்கப் போவதாக வைத்துக்கொள்வோம். கட்டணம் 90 யூரோ. 2024 ஜூன் வரை 80. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம். அவளிடம் போதிய பணம் இல்லையென்றால், அவர் தன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்ப் பொறுப்பேற்பு உறுதிமொழி கொடுக்க வேண்டும். அவளுடைய சாப்பாடு, மருத்துவம், தேவைப்பட்டால் நாடு கடத்தும் செலவுவரை அவர் தலையில். பிரான்ஸ் என்றால் நகராட்சியில் 30 யூரோ கட்டி வரவேற்புச் சான்று வாங்க வேண்டும். வரவேற்புக்கு முத்திரைக் கட்டணம் வைத்த நாடு!

இதற்கெல்லாம் மேலே, திரும்பி வருவாள் என்பதற்கு அடையாளம் வேண்டும். ஊரில் வேர் இருப்பதைக் காட்ட வேண்டும்: நிரந்தர வேலை, சொத்து, கணவர், பிள்ளைகள். இருபத்தேழு வயது, திருமணமாகவில்லை, வாடகை வீடு, தனியார் நிறுவன வேலை என்றால் வேர் எதுவும் இல்லை என்று பொருள். போகும் இடத்தில் காதலர் இருக்கிறார் என்பது எதிர்த்திசையில் இழுக்கும் வேர். ஆகவே விண்ணப்பம் நிரப்பும்போது எழும் முதல் கேள்வி: 'காதலர்னு போடலாமா, ஃபிரெண்டுன்னு போடலாமா?' ஏஜெண்டுகள் பலர் கூசாமல் சொல்வார்கள்: 'டூரிஸ்ட்னு போட்டுடுங்க மேடம், ஹோட்டல் புக்கிங் நாங்க எடுத்துத் தர்றோம்.' இந்த அறிவுரை ஆபத்தானது. பொய் வெளிப்பட்டால் பிரிட்டன் 10 ஆண்டுவரை கதவை மூடலாம். அமெரிக்காவில் முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாக முடிவானால் தடை வாழ்நாள் முழுவதும். உண்மை சொன்னால் சந்தேகம், மறைத்தால் தண்டனை.

நம் பழைய அகப்பாடல்களில் பிரிந்த காதலரைச் சேர்த்துவைப்பது தூது. இன்று அவர்கள் சேரலாமா என்று முடிவு செய்வது தூதரகம். கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது. உரைகாரர்கள் அதற்கு என்ன விளக்கம் தந்திருந்தாலும், விசா வரிசையில் நிற்பவருக்கு விளக்கம் தேவைப்படாது.

முறையாக விண்ணப்பிப்பவரை ஐரோப்பா ஓரளவு அங்கீகரிக்கத் தொடங்கியிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், இந்தியாவில் வாழும் இந்தியர் மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் 2 ஆண்டுக்கான பலமுறை நுழைவு விசா பெறலாம். அதன் பிறகு 5 ஆண்டு. நல்ல மாற்றம்தான். 5 ஆண்டு விசாவிலும் 90 நாள் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி இரண்டாவது பேரேடு. பிரிட்டனில் திருமணமாகாத இணையருக்கு ஒரு வழி திறந்தது 1997 அக்டோபரில். மணம் செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்காத இணையர், முக்கியமாக ஒருபாலினத்தவர், நான்கு ஆண்டு சேர்ந்து வாழ்ந்ததை நிரூபித்தால் அனுமதி. 1999இல் அது இரண்டு ஆண்டாகக் குறைந்தது. இரண்டு ஆண்டு எங்கே சேர்ந்து வாழ்வது? பிரிட்டனில் வாழ வருகை விசா விடாது, அது 'முதன்மை வீடு' ஆகிவிடும். பிரிட்டிஷ்காரர் இந்தியாவுக்கு வந்து வாழலாம் என்றால், மணமாகாத இணையருக்கென்று இந்தியாவிடம் ஒரு விசா கிடையாது. மாறி மாறி ஆறு மாதம் அங்கும் இங்கும் என்று கூட்டுக் கணக்குப் போட்டவர்களுக்கு இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது என்று காட்ட ஒன்றும் இருக்காது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2024 ஜனவரி 31இல்தான் 'சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்' என்ற கட்டாயம் தளர்ந்தது; மணவாழ்வுக்கு ஒப்பான உறவு இரண்டு ஆண்டு இருந்தால் போதும் என்றாயிற்று.

அமெரிக்காவின் கே-1 விசா மண உறுதி செய்தவர்களுக்கானது. மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் இருவரும் ஒருமுறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். அமெரிக்கர் பறந்து வந்தால் சிக்கல் இல்லை. அவரால் வர முடியாமல், இந்தியர்தான் போக வேண்டும் என்றால் முதல் பேரேட்டுக்குத் திரும்ப வேண்டும். 2022 இறுதியில் இந்தியாவிலுள்ள சில அமெரிக்கத் தூதரகங்களில் முதன்முறை வருகை விசா நேர்காணலுக்கான காத்திருப்பு ஆயிரம் நாளை நெருங்கியது. ஜெர்மனியில் மணமாகாத காதலருக்கு வதிவிட விசாவே இல்லை. மணம் செய்துகொள்ளவோ, மணமான பின் சேரவோ போகலாம்; 2007 முதல் அதற்கும் பொதுவாக அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்ச்சி வேண்டும்.

இந்த விதிகள் சேர்ந்து செய்யும் வேலை ஒன்று உண்டு. உறவு பழுக்கும் முன்பே பறிக்கச் சொல்கின்றன. ஓர் ஊரில் வாழும் இருவர் இரண்டு மூன்று ஆண்டு பழகிப் பார்த்து, ஒத்துவராது என்றால் பிரிவார்கள். நாடு கடந்த இருவருக்கு அந்த வசதி கிடையாது. மூன்று வாரம் விடுமுறையில் பார்த்த மனிதரை, அடுத்த விசா கிடைக்குமா என்ற பயத்தில் மணந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கே-1 விசாவில் வந்திறங்கினால் 90 நாளுக்குள் தாலியோ மோதிரமோ முடிந்தாக வேண்டும். விசாவுக்காகத் திருமணம் செய்கிறார்கள் என்று குற்றம் சொல்லும் அரசுகளே விசாவுக்காகத் திருமணம் செய்ய வைக்கின்றன.

மணந்தாலும் தீராது என்பதற்கு ஆடம்ஸும் சல்லிவனும் சாட்சி. 1975இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் வட்ட எழுத்தர் கிளீலா ரோரெக்ஸ் ஒருபாலின இணையர் சிலருக்குத் திருமண உரிமம் வழங்கினார். ஏப்ரல் 21 அன்று இவர்கள் மணந்துகொண்டார்கள். சல்லிவனுக்காக ஆடம்ஸ் கொடுத்த மனுவை நிராகரித்துக் குடிவரவுத் துறை அனுப்பிய கடிதத்தில், இவர்களைக் குறிக்க அரசு முத்திரையின் கீழ் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது. வழக்கு நடந்தது. 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சல்லிவனை நாடுகடத்துவதை நிறுத்த மறுத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆன்டனி கென்னடி. இருவரும் நாட்டைவிட்டு வெளியேறி ஓராண்டுபோல ஐரோப்பாவில் அலைந்தார்கள். பிறகு மெக்ஸிகோ வழியாகச் சத்தமில்லாமல் திரும்பி வந்து, எங்கும் தலைகாட்டாமல் வாழ்ந்தார்கள். 2012 டிசம்பரில் ஆடம்ஸ் இறந்தார். ஆறு மாதம் கழித்து, ஒருபாலினத் திருமணங்களை ஏற்க மறுத்த கூட்டரசுச் சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது; அந்தத் தீர்ப்பையும் எழுதியவர் கென்னடி. 2016இல் சல்லிவனுக்குக் கிரீன் கார்டு கிடைத்தது, துணையை இழந்தவர் என்ற வகையில்.

இந்தியாவில் ஒருபாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவின் பிடி 2018இல் தளர்ந்தது. 2023 அக்டோபரில் திருமண உரிமையை உச்ச நீதிமன்றம் தர மறுத்தது. ஆகவே இந்திய ஒருபாலின இணையருக்கு ஊரில் மணந்து விண்ணப்பிக்கும் வழி இல்லை. பெரும்பாலும் வருகை விசாதான் கையில் மிச்சம்.

ஊரறிய மணந்தவர்களையும் இந்தச் சிக்கல் விடுவதில்லை. தமிழ்நாட்டில் நடுத்தர வீடுகளுக்கு நன்றாகத் தெரிந்த கதை இது. அமெரிக்காவில் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் மாப்பிள்ளைக்குக் கல்யாணமானால் மனைவிக்கு எச்4 விசா எடுத்துச் சில மாதங்களில் அழைத்துப்போய்விடலாம். அவரே கிரீன் கார்டு வாங்கிய பிறகு கல்யாணம் செய்தால், மனைவி குடியேற்ற வரிசையில் நிற்க வேண்டும். பல ஆண்டு நீண்டதும் உண்டு. சரி, காத்திருக்கும் நேரத்தில் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று வருகை விசா கேட்டால், படிவத்திலேயே கேள்வி இருக்கிறது: உங்களுக்காக யாரேனும் குடியேற்ற மனு கொடுத்திருக்கிறார்களா? 'ஆம்' என்று எழுதினால் 214(பி) தயாராக இருக்கும். கணவன் போட்ட மனுவே மனைவிக்குத் தடை. தற்காலிகமாக வந்தவர் குடும்பத்தோடு வாழ, நிரந்தர உரிமை பெற்றவர் தனியே சமைத்துச் சாப்பிடுகிறார். இந்தக் கோணலை அமெரிக்க நாடாளுமன்றம் உணர்ந்து 2000 டிசம்பரில் வி விசாவை உருவாக்கியது. ஆனால் அந்த டிசம்பர் 21 வரை மனுப் போட்டு, மூன்று ஆண்டு காத்திருந்தவர்களுக்கு மட்டும். அதற்குப் பின் வந்தவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1979 ஜனவரி 24ஐ நினைவுகொள்ள வேண்டும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் இறங்கினார். பிரிட்டனில் வாழ்ந்த தன் வருங்காலக் கணவரை மணக்க வந்தவர். மூன்று மாதத்துக்குள் மணம் செய்துகொள்ளும் பெண்ணுக்கு அப்போது முன்கூட்டிய அனுமதி தேவையில்லை. ஏற்கெனவே மனைவியானவருக்குத் தேவை, அதற்கு நீண்ட வரிசை. இவர் வரிசையைத் தாண்ட மணமாகாதவர்போல நடிக்கிறாரோ என்று ஐயப்பட்ட அதிகாரிகள், கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். பிப்ரவரி 1 அன்று 'கார்டியன்' நாளிதழ் அதை வெளிக்கொண்டுவந்தது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் இந்தச் சோதனை நடந்திருந்ததை அரசுக் கோப்புகளைத் தோண்டிய ஆய்வாளர்கள் பிற்பாடு காட்டினார்கள். அதன் பின்னும் 1997 வரை, 'இந்தத் திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனுக்கு வருவதல்ல' என்று நிரூபிக்கும் சுமை மணமக்கள் மேல் இருந்தது. தெற்காசியக் கணவர்கள் அதில் அதிகம் சிக்கினார்கள்.

இன்று அந்த இடத்தைப் பணம் பிடித்துக்கொண்டது. 2012இல் பிரிட்டன், துணையை அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு வேண்டும் என்றது; 2024 ஏப்ரலில் அது 29,000. எட்டாதவர்கள் வருகை விசாவில் வந்து வந்து போகிறார்கள். திரையில் மட்டும் அப்பாவைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு 'ஸ்கைப் குடும்பம்' என்று பெயரே வந்துவிட்டது. உறவினரைப் பார்க்க விசா மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யும் உரிமையும் 2013 ஜூனில் பறிபோயிற்று.

ஈழத்தமிழர்களின் நிலை தனிச் சிக்கல். அகதி அந்தஸ்தோடு ஐரோப்பாவில் வாழ்கிறவரின் பயண ஆவணம் இலங்கைக்குச் செல்லாது. போனால் அந்தஸ்தே கேள்விக்குள்ளாகும். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கோ ஐரோப்பிய விசா எளிதல்ல. ஆகவே சென்னையிலும் திருச்சியிலும், சில வேளை சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சந்திப்பு, கல்யாணமும் அங்கேதான். சென்னைக்கு வர இருவருக்கும் இந்திய விசா வேண்டும். அகதிப் பயண ஆவணத்துக்கு இணையவழி இந்திய விசாவும் கிடைக்காது. மேற்கைக் குறைசொல்லும்போது நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்க்க இந்தியாவுக்கு வந்து வந்து போன டேவிட் ஹெட்லியின் விவகாரத்துக்குப் பின், 2009 இறுதியில் இந்தியா, சுற்றுலா விசாவில் வந்து போனவர் இரண்டு மாதம் கழித்தே திரும்ப வரலாம் என்று விதித்தது. பெரும்பாலான நாட்டவருக்கு அது நீங்கியது 2012இல். தீவிரவாதியைத் தடுத்ததோ இல்லையோ, இங்கே துணையிருந்த வெளிநாட்டவர் பலரைக் கொழும்பிலும் காட்மாண்டுவிலும் நாள் கழிக்க வைத்தது.

கடவுச்சீட்டு வலுவாக இருந்தவர்களுக்கு இந்த வலி கொரோனா பரவிய 2020இல் அறிமுகமாயிற்று. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸும் சுவிட்சர்லாந்தின் க்ரொய்ஸ்லிங்கனும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். மார்ச்சில் நடுவே கம்பிவேலி எழுந்தது. காதலர்கள் வேலியின் இரு புறமும் நின்று விரல் கோத்தார்கள். தொற்றுக்குப் பயந்து, தொட முடியாத தூரத்தில் இரண்டாவது வேலி போடப்பட்டது. மே நடுவில்தான் அகற்றினார்கள். அந்தக் கோடையில் 'காதல் சுற்றுலா அல்ல' என்ற முழக்கம் உலகெங்கும் பரவியது. மே இறுதியில் டென்மார்க் எல்லையைக் காதலர்களுக்குத் திறந்தபோது புகைப்படமும் குறுஞ்செய்தியும் காட்டச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் கையெழுத்திட்ட உறுதிமொழி போதும் என்று இறங்கி வந்தது. ஜூலையில் நெதர்லாந்து, ஆகஸ்டில் ஜெர்மனி. காதலர்களை அனுமதிக்குமாறு ஐரோப்பிய ஆணையர் யில்வா யோஹான்சன் மற்ற நாடுகளையும் கேட்டுக்கொண்டார். கேட்டது இவ்வளவுதான்: சில மாதம் நீடித்த உறவு, நேரில் சந்தித்ததற்கு ஓர் அடையாளம், இருவரின் கையெழுத்து. வரையறுக்கவே முடியாது என்று பல பத்தாண்டுகள் சொல்லப்பட்ட ஓர் உறவு ஒரு கோடையில், ஒரு பக்கப் படிவத்தில் வரையறுக்கப்பட்டுவிட்டது. தடைகள் விலகியதும் படிவமும் போயிற்று.

எனவே 'சட்டத்தில் இடமில்லை' என்ற பதிலை இனி ஏற்பதற்கில்லை. இடம் வேண்டியவர்களுக்கு இடம் உண்டாக்கப்பட்டே இருக்கிறது. அமெரிக்கா 1990இல் எச்1பி ஊழியருக்கு இரட்டை நோக்கத்தை அனுமதித்தது: தற்காலிகமாக வரலாம், குடியேறவும் ஆசைப்படலாம், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. கம்பெனிக்கு வேலை செய்ய வருகிறவருக்கு இரண்டு மனம் இருக்கலாம். காதலிக்கு இருக்கக் கூடாது. கனடாவின் குடிவரவுச் சட்டமோ, நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதே தற்காலிக வருகைக்குத் தடையல்ல, காலம் முடிந்ததும் கிளம்புவார் என்று அதிகாரி நம்பினால் போதும் என்று எல்லோருக்குமே பொதுவாகச் சொல்கிறது. அதே கனடா பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் 2011 இறுதியில் சூப்பர் விசா தந்தது. இப்போது அதில் ஒருமுறை வந்தால் 5 ஆண்டுவரை தங்கலாம். பேரனைக் கொஞ்ச வரும் பாட்டிக்குக் கொடுத்த நம்பிக்கையில் பாதியை இணையருக்குக் கொடுத்தால் போதும்: உறவை வெளிப்படையாக அறிவித்தவருக்கு ஒரு வருகை வகை, அந்த அறிவிப்பை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாத ஒரு விதி.

அது வரும்வரை இந்தப் பாதையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய எல்லைகளில் 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் மின்பதிவு படிப்படியாக நடைமுறைக்கு வரத் தொடங்கியது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது மறைகிறது. எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதை அவர்களின் கணினி மறக்காது. எத்தனை நாள் சேர்ந்திருந்தீர்கள் என்று அடுத்த கவுன்டரில் காட்ட உங்கள் கையில் முத்திரைகூட இருக்காது. போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.